தீர்வைப் படித்தால் புரிகிறது, வெள்ளைத்தாளைப் பார்த்தால் கை நின்றுவிடுகிறது

சாய்தளம் (கேள்வி)

இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு. பள்ளியில் எனக்கு எளிதாக வந்த பாடம் இதுதான். அந்தத் தைரியத்தில் சேர்ந்தேன், இப்போது அந்தத் தைரியம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

படிக்காமல் இல்லை. நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்கிறேன். பாடநூலை வரி வரியாகப் படித்து முக்கியமானதை மஞ்சள் பேனாவால் தீட்டுகிறேன் (தீட்டாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்). தீர்த்துக் காட்டிய கணக்கைப் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு படியும் புரிகிறது. அத்தியாயத்தின் கடைசியில் உள்ள பயிற்சிக்குப் போனால் முதல் வரியே வருவதில்லை. போன தேர்வில் சரிவில் உருளும் உருளை வந்தது. மூன்று நாள் முன்புதான் அதே கணக்கைக் கோளத்துக்குப் படித்திருந்தேன். விசைகளுக்கு அம்புக்குறி போட்டேன், அதற்குமேல் இருபது நிமிடம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. வகுப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆசிரியர் கேள்வியை முடிக்கும் முன்பே விடை சொல்வார்கள். இயற்பியல் அவர்களுக்கானது, நான் வழி தவறி வந்தவன் என்றே தோன்றுகிறது. வீட்டில் "இதைப் படித்து என்ன ஆகப்போகிறாய்?" என்கிறார்கள். கோபம் வருகிறது, பதில் வரவில்லை.

எப்படிப் படிப்பது, எதற்காகப் படிப்பது, இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

விடிவெள்ளி

ஐந்து மணி நேரம் போதாது, எட்டாக்குங்கள். அதிகாலையில் எழுங்கள், கைபேசியை அணைத்து வையுங்கள். அடித்தளம் பலமாக இருந்தால் கணக்கு தானாக வரும். முதலில் கோட்பாடு முழுவதையும் முடித்துவிட்டுப் பிறகு கணக்கைத் தொடுங்கள்.

அயனியறை

விடிவெள்ளி மன்னிக்க வேண்டும். கைபேசி விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறேன். கோட்பாட்டை முடித்துவிட்டுக் கணக்குக்குப் போகலாம் என்று காத்திருந்துதான் நான் மின்காந்தவியலில் நூற்றுக்கு 28 வாங்கினேன். நூலை மூன்று முறை படித்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனபோது அவர் மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை. "காஸ் விதியைச் சொல்" என்றார். சொன்னேன்: மூடிய பரப்பு ஒன்றின் வழியே வெளியேறும் மின்புலத்தின் மொத்தம் உள்ளே இருக்கும் மின்னூட்டத்தைப் பொறுத்தது. "எப்போது அது உனக்கு உதவாது?" என்றார். வாயடைத்துப்போனேன். தேர்வில் ஒரு குட்டையான மின்னூட்டக் கம்பிக்குக் காஸ் விதியைப் போட்டு, முடிவில்லாக் கம்பிக்குரிய விடையை அழகாக எழுதிவைத்திருந்தேன். விதி குட்டைக் கம்பிக்கும் உண்மைதான். ஆனால் அங்கே சமச்சீர் போதாது. மின்புலத்தைத் தொகையீட்டுக்கு வெளியே இழுக்க முடியாது. விதி உண்மையாக இருப்பது வேறு, கைகொடுப்பது வேறு. மூன்று முறை படித்தும் அந்த வேறுபாடு என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் நூலில் இருந்த எடுத்துக்காட்டுகள் எல்லாமே அது கைகொடுத்த இடங்கள்.

தம்பி, உங்களுக்கு நடப்பதும் அதுவேதான். தீர்வைப் படிக்கும்போது புரிகிறது என்றால் அடுத்தவர் எடுத்த முடிவுகள் சரி என்று உங்களுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்த முடிவுகளை எடுத்தது நீங்கள் இல்லை. தேர்வு கேட்பது அந்த முடிவுகளை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு மூடிவைத்து, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. உங்கள் மஞ்சள் பேனா ஐந்து நிமிடத் தேர்வுக்கு மிக நல்ல கருவி!

இப்போது அந்த உருளைக்கு வருகிறேன். சமன்பாடு எதையும் எழுதாமல் பத்து நிமிடம் அதோடு பேசிப் பாருங்கள். கனமான உருளை, லேசான உருளை, எது முதலில் கீழே வரும்? உள்ளீடற்றதும் திண்மமானதும் போட்டியிட்டால்? ஒரு பக்கம் பந்தயம் கட்டி அதைத் தாளில் எழுதுங்கள். பிறகு கணக்குப் போடுங்கள். சரிவின் வழியே ஒரு சமன்பாடு, சுழற்சிக்கு ஒன்று, வழுக்கவில்லை என்பதற்கு ஒன்று, மொத்தம் மூன்று. நிறையும் ஆரமும் விழுந்துவிடும். உராய்வின்றி வழுக்கி இறங்கும் பொருளின் முடுக்கத்தில் திண்ம உருளைக்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும், மெல்லிய வளையத்துக்குப் பாதி. கட்டிய பந்தயம் தோற்றால் அந்த விடை உங்களுக்கு மறக்காது. எனக்கு மறக்கவில்லை, ஆரம் பெரிதானால் வேகமாக உருளும் என்று எழுதியவள் நான்.

விடை வந்ததும் நூலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். சரிவைச் சுழியப் பாகையாக்குங்கள், முடுக்கம் சுழியம், சரி. 90 பாகையாக்குங்கள், ஈர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் இரண்டு என்கிறது சூத்திரம். செங்குத்துச் சுவரில் உருளை உருளுமா? யாரோ பொய் சொல்கிறார்கள். யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே கண்டுபிடித்து இங்கே வந்து எழுதுங்கள்.

ஒரு தவறேடு வையுங்கள். "கவனக்குறைவு" என்று அதில் எழுதக் கூடாது, அது காரணமே அல்ல. அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்களோ அதை எழுதுங்கள். என் ஏட்டின் முதல் பதிவு: "கம்பி நேராக இருந்ததால் காஸ் விதி போதும் என்று நினைத்தேன்." இருபது பதிவு சேர்ந்தபின் எனக்கே ஒன்று தெரிந்தது. நான் படத்தின் உருவத்தைப் பார்த்தே விதியைத் தேர்ந்துகொண்டிருந்தேன். சீ, ஃபெல்டோவிச், கிளேசர் மூவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில் இதுதான் இருக்கிறது. இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து வகைபிரிக்கச் சொன்னால் புதிதாகப் படிப்பவர்கள் "இது சரிவு, இது சுருள்வில்" என்று அடுக்கினார்கள். தேர்ந்தவர்கள் "இது ஆற்றல் அழியாமை, இது இரண்டாம் விதி" என்று அடுக்கினார்கள். கோளத்துக்குப் படித்தது உருளைக்கு வராமல் போனது இதனால்தான். ஒரே அத்தியாயத்தில் முப்பது கணக்கு போடுவதைவிட நாலு அத்தியாயங்களிலிருந்து கலந்து எட்டு போடுங்கள். எரிச்சலாக இருக்கும். எந்த விதி என்று நீங்களே தேர வேண்டியிருக்கும், அந்தப் பயிற்சி வேறு எங்கும் கிடைக்காது.

எதற்காக என்ற கேள்விக்கு என் வேலையைச் சொல்கிறேன். நான் மருத்துவ இயற்பியலர். புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான நேரியல் முடுக்கி சொன்ன அளவைத்தான் தருகிறதா என்று பார்ப்பவள். நீர்த்தொட்டிக்குள் ஒரு சிறிய அயனியறையை (கதிர்வீச்சை அளக்கும் கருவி) வைத்து அளப்போம். அதற்குள் இருப்பது வெறும் காற்று. அறை வெப்பநிலை 20 பாகையிலிருந்து 23 ஆனால் காற்று விரிந்து, கருவிக்குள் நிற்கும் காற்று குறைந்து, அளவீடும் ஒரு சதவீதம் குறையும். பள்ளியில் படித்த வாயு விதியை வைத்து அதைத் திருத்துகிறோம். மூலத்திலிருந்து 100 சென்டிமீட்டரில் இருக்க வேண்டியது 101இல் இருந்தால் தலைகீழ் இருபடி விதிப்படி இரண்டு சதவீதம் போய்விடும். எங்கள் தொழிலில் இரண்டு சதவீதம் என்பது தொலைபேசியை எடுக்க வேண்டிய எண்.

நான் இந்தப் பக்கம் வந்த கதை பெரிய கனவெல்லாம் இல்லை. யாரோ ஒருவர் வகுப்பில் ஒரு கணக்கு கொடுத்தார். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே கதிர்வீச்சு படுகிறது, சிகிச்சை இல்லாவிட்டால் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். உடல் வெப்பநிலை எவ்வளவு கூடும்? ஒரு கிரே என்பது கிலோவுக்கு ஒரு ஜூல். போட்டுப் பார்த்தேன், பாகையில் ஆயிரத்தில் ஒன்று. மூன்று முறை சரிபார்த்தேன். இவ்வளவு சிறிய ஆற்றல் எப்படிக் கொல்லும் என்ற கேள்வி அன்று இரவு தூங்கவிடவில்லை. ஆற்றலின் அளவு அல்ல, அது விழும் இடம்தான் காரணம். அயனியாக்கம் உயிரணுவின் மரபிழையை (டி.என்.ஏ.) உடைக்கிறது. 28 மதிப்பெண் வாங்கிய அதே ஆண்டில்தான் இது நடந்தது. ஊக்கம் வந்தபிறகு கணக்குப் போடலாம் என்று இருந்திருந்தால் எனக்கு அது வந்திருக்காது.

ஆய்லர்

அயனியறை சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஆராய்ச்சிப் பணி கிடைக்காது, இதை யாராவது முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். நான் முனைவர் பட்டத்தை நடுவில் விட்டவன். இப்போது வானிலை மாதிரிகளுக்கு நிரல் எழுதுகிறேன், வருத்தமில்லை.

தொடங்க ஒரு தனி ஊசல் போதும். நிலையையும் திசைவேகத்தையும் சிறுசிறு காலப்படிகளில் முன்னே தள்ளுங்கள். எளிய ஆய்லர் முறையில் (பழைய திசைவேகத்தைக்கொண்டே நிலையை மாற்றுவது) செய்தால் ஊசல் ஒவ்வொரு வீச்சிலும் இன்னும் உயரமாகப் போகும், ஆற்றல் சும்மா கூடிக்கொண்டே இருக்கும். இயற்கை அப்படிச் செய்யாது, நம் கணக்குதான் செய்கிறது. புதிய திசைவேகத்தை முதலில் கண்டு, அதைக்கொண்டு நிலையை மாற்றுங்கள். ஒரே ஒரு வரியின் இடம் மாறும், ஊசலின் வீச்சு கட்டுக்குள் வந்துவிடும். ஏன் என்று யோசிக்க ஒரு வாரம் ஆகும், நல்ல வாரம்.

கணக்கு தப்பினால் மனம் உடைகிறதா? வானிலையைச் சமன்பாடுகளால் முன்கூட்டியே கணிக்க முயன்ற ரிச்சர்ட்சன் 1922இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். கையாலேயே போட்டது. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. அந்தத் தவறான விடையையும் சேர்த்தே அவர் அச்சிட்டார். இன்று நான் சம்பளம் வாங்குவது அந்த வழியில் வந்த வேலைக்கு.

தூரத்துடிப்பு

வழி தவறி வந்தவன் என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில். வானியலாளர் ஜோசலின் பெல் பர்னல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, தன்னைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள், கண்டுபிடித்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றே நம்பினார். அனுப்பும்வரை முழு உழைப்பையும் கொடுத்துவிடுவோம் என்று தொலைநோக்கியின் பதிவுத்தாளை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். 1967இல் அந்தத் தாளில் ஒரு சிறு கிறுக்கல் பொருந்தாமல் இருந்ததை அவர் விடவில்லை. 1.3 விநாடிக்கு ஒன்றாக வந்த வானொலித் துடிப்பு, முதல் துடிவிண்மீன் (சுழன்றபடி சீரான துடிப்புகளை அனுப்பும் விண்மீன்). 1974இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போயிற்று, அவருக்கு இல்லை. 2018இல் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை அவர் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

விரைவாக விடை சொல்லும் அந்த இருவரைப் பற்றி: ஆய்வுக்கூடத்தில் யாரும் கைதூக்கச் சொல்வதில்லை.

சாய்தளம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மஞ்சள் பேனாவை ஒளித்துவைத்துவிட்டேன். கலந்து போடும் கணக்குகளில் எட்டுக்கு மூன்றுதான் தேறுகிறது, ஆனால் முதல் வரி வருகிறது.

அயனியறை அக்கா, பொய் சொன்னது மூன்றாவது சமன்பாடு. வழுக்கவில்லை என்று நானே எழுதிவைத்துவிட்டு மறந்துவிட்டேன். உருள்வதற்கு உராய்வு எண் குறைந்தது சரிவின் டேன்ஜெண்டில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். உராய்வு எண் 0.5 என்றால் 56 பாகை வரைதான் உருளும், அதற்குமேல் வழுக்கல் கலந்துவிடும். சுவரில் அழுத்து விசையே இல்லை, அதனால் உராய்வும் இல்லை. அப்படியானால் 90 பாகையில் வந்த அந்த மூன்றில் இரண்டு யாருடைய விடை என்று இரண்டு நாள் யோசித்தேன். நூல் சுற்றிய உருளை! நூலின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு உருளையை விட்டால், உராய்வு செய்யும் வேலையை நூல் செய்கிறது.

மர உருளை ஒன்றில் நூல் சுற்றி 1.5 மீட்டர் இறங்கவிட்டேன். கணக்குப்படி 0.68 விநாடி. கைபேசியில் படம்பிடித்து எண்ணியதில் 0.70. அந்த 0.02 எங்கே போயிற்று? நூலின் தடிமனா, காற்றா?

அயனியறை

முதலில் கைபேசியைக் கேளுங்கள். விநாடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேமே 0.033 விநாடி. 20 பிரேம் எண்ணினால் 0.67, 21 எண்ணினால் 0.70. நடுவில் இருக்கும் 0.68 உங்கள் கருவியின் கண்ணுக்கே தெரியாது. மெதுவோட்டப் பதிவு இருந்தால் அதில் எடுங்கள், இல்லாவிட்டால் மாடிப்படி உயரத்திலிருந்து விடுங்கள். பத்து முறை. பத்து எண்ணையும் இங்கே போடுங்கள், சராசரியை மட்டும் போடாதீர்கள்.