இரண்டு முழங்காலிலும் உலோக மூட்டு, அம்மா தனியாக அமெரிக்கா போகிறார்: செக்யூரிட்டியில் என்ன செய்வது?

பொருநைக்கரை (கேள்வி)

வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. போன தை மாதம் இரண்டு முழங்காலுக்கும் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனது. இப்போது நன்றாக நடக்கிறார், படி ஏறத்தான் கைப்பிடி வேண்டும். ஐப்பசியில் அக்கா வீட்டுக்குப் போகிறார், அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ். சென்னை, துபாய், சிகாகோ, அப்புறம் உள்ளூர் விமானம். தனியாகத்தான். ஆங்கிலம் 'தேங்க் யூ' வரைக்கும் வரும்.

ஆனியில் ஒரு கல்யாணத்துக்கு இங்கேயே விமானத்தில் போனோம். மெட்டல் டிடெக்டர் வாசலில் நுழைந்ததும் கத்தியது. வளையலைக் கழற்றச் சொன்னார்கள், மறுபடியும் கத்தியது. 'முட்டியில கம்பி வச்சிருக்கு' என்று அம்மா சொன்னது அந்தப் பெண் காவலருக்குப் புரியவில்லை. நானோ ஆண்கள் வரிசையில் மாட்டிக்கொண்டேன். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் தாலிச் சரடைக்கூட எடுத்துக் காட்டச் சொன்னார்களாம். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. அன்றிலிருந்து 'நான் என்ன திருடியா? டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு' என்று ஒரே பாட்டு.

டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களா? வீல்சேர் போட்டால் செக்கிங் இருக்காது என்கிறார் சித்தப்பா, நிஜமா? கடைசிக் கேள்வி அம்மாவுடையது: அந்த மெஷின் காந்தம் மாதிரி முட்டிக்குள் இருப்பதைப் பிடித்து இழுத்துவிடாதே?

கோவைக் குசும்பன்

தம்பி, இப்போது வைக்கிறதெல்லாம் டைட்டானியம். காந்தம் ஒட்டாது, ஆகவே கத்தாது. என் மாமனாருக்கு ஒரு முட்டி மாற்றி நாலு வருஷம் ஆச்சு, எங்கேயும் கத்தியதில்லை. உங்கள் அம்மாவின் வளையலும் தாலியும்தான் காரணம். கழற்றிப் பையில் போட்டால் தீர்ந்தது.

பிளஸ் டூ வாத்தியார்

மேலே சொன்னதை நம்பி அனுப்பிவிடாதீர்கள். காந்தம் ஒட்டுவதும் டிடெக்டர் கத்துவதும் வேறு வேறு. அந்த வாசலின் இரண்டு பக்கமும் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். மின்சாரம் கடத்தும் எதுவும் நடுவில் வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும், அதைத்தான் கருவி பிடிக்கிறது. பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். தங்கத்தில் காந்தம் ஒட்டுமா? ஒட்டாது. ஆனால் தங்கம் கடத்துபவனைப் பிடிப்பது இதே கருவிதான்.

முழங்கால் மூட்டில் தொடை எலும்புப் பக்கம் வைக்கும் துண்டு பெரும்பாலும் கோபால்ட் குரோமியம். கீழ்க்கால் பக்கம் வைக்கும் தட்டு பெரும்பாலும் டைட்டானியம் கலவை. நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். இரண்டு காலுக்கும் சேர்த்தால் உடம்புக்குள் இருக்கிற உலோகம் கொஞ்சநஞ்சமல்ல, கத்தத்தான் செய்யும். எவ்வளவு உலோகத்துக்குக் கத்த வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் அமைத்துவைப்பார்கள். மாமனார் தப்பித்தது அப்படித்தான் இருக்கும்.

இழுக்குமா என்ற கேள்விக்கு: இழுக்காது, சூடாகாது, இடம் மாறாது. அந்தப் புலம் மிகப் பலவீனமானது. அம்மா எம்ஆர்ஐ ஸ்கேன் பற்றி யாரிடமோ கேட்டிருப்பார். அதன் காந்தம் 1.5 அல்லது 3 டெஸ்லா, அது தனிக் கதை. டிடெக்டர் வாசலில் பயப்பட ஒன்றுமில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

டைட்டானியம் தாத்தா

எனக்கும் இரண்டு முட்டியும் உலோகம்தான், 6 வருஷமாச்சு. மகனைப் பார்க்க மூன்று தடவை அமெரிக்கா போய்வந்திருக்கிறேன்.

சர்டிபிகேட்டை முதல் தடவை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டாத குறையாகக் கொண்டுபோனேன். ஒருவர் வாங்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வழக்கம்போல் தடவிப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எந்த நாட்டிலும் அந்தக் கடிதம் உங்களைச் சோதனையிலிருந்து விடுவிக்காது. கத்தியதற்குக் காரணம் என்ன என்று சொல்ல மட்டும் உதவும். அதைவிட முட்டித் தழும்பு நல்ல அத்தாட்சி. நான் வேட்டியில் போகிறேன், முட்டிக்குமேல் சுருட்டிக் காட்டினால் வேலை முடிந்தது.

நம் ஊரில் விமான நிலையச் சோதனை மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் கையில். ஆட்கள் பல மாநிலத்துக்காரர்கள், அம்மாவின் தமிழ் புரியாததில் ஆச்சரியமில்லை. கத்திய பிறகு விளக்கினால் சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும். வாசலில் காலை வைக்கும் முன்னாலேயே முட்டியைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெண்களுக்குத் திரை மறைப்பு தண்டனை இல்லை, மானத்துக்காக வைத்திருப்பது. கையில் பிடிக்கும் கருவி முட்டியருகே கூவும், அங்கே புடவையைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டிவிட்டால் போதும். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. எங்கள் வீட்டம்மாவிடம் எடுத்துக் காட்டச் சொன்னதோடு சரி.

அமெரிக்காவில் அது டிஎஸ்ஏ என்கிற அமைப்பின் வேலை. அங்கே பல இடங்களில் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒன்று இருக்கும். கையைத் தலைக்குமேல் தூக்கிச் சில நொடி அசையாமல் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் உடல் ஸ்கேனர், மில்லிமீட்டர் அலையில் வேலை செய்வது. அந்த அலை துணியைத் தாண்டும், தோலைத் தாண்டாது. ஆகவே உள்ளே இருக்கிற மூட்டு அதற்குத் தெரியவே தெரியாது! மூன்று தடவையும் என் முட்டிக்கு ஒரு சத்தமும் இல்லை. ஆனால் துணி மடிப்பு, சட்டைப்பையில் மறந்த காகிதம், இதெல்லாம் தெரியும். திரையில் ஒரு பொம்மை உருவத்தின்மேல் மஞ்சள் கட்டம் விழும், அந்த இடத்தை மட்டும் தடவிப் பார்ப்பார்கள். புடவைக்குப் பதில் சுடிதார் நல்லது.

பொருநைக்கரை

ஐயா, வாத்தியார் சார், இருவருக்கும் நன்றி. 'இழுக்காது' என்று வாசித்துக் காட்டியதும் அம்மாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. சுடிதார் என்றதும் மீதிப் பயம் கோபமாகிவிட்டது. புடவைதான், பேச்சுக்கே இடமில்லை. வீல்சேர் விஷயம் யாராவது சொல்லுங்களேன்.

நைட் ஷிப்ட் நர்ஸ்

சித்தப்பா சொன்னது தப்பு. வீல்சேரில் போனாலும் சோதனை உண்டு, நாற்காலியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆனாலும் கட்டாயம் போடுங்கள். தள்ளிக்கொண்டு போகிறவர் வழி தெரிந்த ஆள், ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு அதுதான் பெரிய துணை. டிக்கெட்டிலேயே பதிய வேண்டும். அதில் மூன்று வகை: தூரம் நடக்க முடியாது ஆனால் படி ஏறுவார், படியும் ஏற முடியாது, இருக்கைவரை தூக்கி விட வேண்டும். அம்மாவுக்கு இரண்டாவதைக் கேளுங்கள். சில நேரம் பஸ்ஸில் கொண்டுபோய் ஏணிப்படியில்தான் ஏற்றுவார்கள். வழியில் ஏறும் எல்லா விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், உள்ளூர் விமானத்துக்கு விட்டுப்போவது வழக்கம்.

ஸ்கேனரில் நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே கையால் தடவிச் சோதிப்பார்கள். பெண்ணுக்குப் பெண்தான். தனி அறை கேட்கலாம். உள்ளங்கையில் ஒரு துணித் துண்டைத் தேய்த்து மெஷினில் வைப்பார்கள், வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்க. முதலில் பார்க்கிறவர்கள் மிரண்டுபோவார்கள், வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். இங்கே படிக்கும் வேறு யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் அது வேறு விஷயம்: முன்கூட்டியே சொல்லுங்கள், கைக்கருவியை அதன்மேல் வைத்தபடி நிற்க விடாதீர்கள்.

சர்டிபிகேட் வேண்டாம் என்றாலும் டிஸ்சார்ஜ் சம்மரி நகல் பையில் இருக்கட்டும். எந்த மூட்டு வைத்தார்கள் என்று காட்டும் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கமும் வேண்டும். செக்யூரிட்டிக்காக இல்லை, அங்கே விழுந்துகிழுந்து டாக்டரிடம் போனால் கேட்பார்கள். வலித் தைலம் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பெரிய பெட்டியில். துபாயிலிருந்து சிகாகோ ரொம்ப நீண்ட பயணம், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஆபரேஷன் செய்தவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

சிகாகோ அத்தை

சிகாகோ ஒஹேரில் சர்வதேச விமானம் இறங்குவது டெர்மினல் 5. குடியேற்றம், சுங்கம் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட்டு, அப்புறம் கொலம்பஸ் விமானத்துக்காக இன்னொரு செக்யூரிட்டி. டிஎஸ்ஏ அங்கேதான் வரும். டெர்மினல்களுக்கு நடுவே ரயில் ஓடுகிறது. இரண்டு விமானத்துக்கும் நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் வையுங்கள்.

டிஎஸ்ஏ கேர்ஸ் என்று ஓர் உதவி எண் உண்டு: 855-787-2227. பயணத்துக்கு 72 மணி நேரம் முன்னால் அக்கா கூப்பிட்டுச் சொன்னால் சோதனையின்போது உதவ ஆள் ஏற்பாடு செய்ய வாய்ப்பிருக்கிறது. செருப்பைக் கழற்றுவது 2025 ஜூலையிலிருந்து பொதுவாகத் தேவையில்லை, குனிகிற வேலை மிச்சம்.

என் மாமியாருக்கு நான் செய்தது: ஒரு சின்ன அட்டை. 'இரண்டு முழங்காலிலும் உலோக மூட்டு இருக்கிறது. எனக்குத் தமிழ் மட்டும் தெரியும். சைகையில் காட்டுங்கள்.' கீழே மகள் எண். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சென்னைக்காக இந்தி. அட்டை இருக்கிறது என்ற தெம்பிலேயே பாதி தூரம் போய்விட்டார்.

கோவைக் குசும்பன்

வாத்தியார் சார், ஒத்துக்கொள்கிறேன். மாமனாரிடம் கேட்டேன், போன மாசம் மாலில் கத்தியதாம். வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பொருநைக்கரை (பிறகு)

எல்லோருக்கும் நன்றி, அம்மா போய்ச் சேர்ந்து நாலு நாள் ஆகிறது. சென்னையில் வாசலுக்கு முன்னாலேயே அட்டையை நீட்டியிருக்கிறார். கத்தியது, திரைக்குப் போனார், தழும்பைக் காட்டினார், இரண்டு நிமிடம். அந்தக் காவலரின் அம்மாவுக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். வலிக்குமா என்று சைகையில் கேட்க, இவர் சைகையிலேயே சமாதானம் சொல்லியிருக்கிறார். துபாயிலும் கத்தியது, அதற்குள் பழகிவிட்டது.

சிகாகோவில் நாற்காலியிலிருந்து எழுந்து கூண்டில் நின்றார். தாத்தா சொன்னபடியே முட்டிக்குச் சத்தமில்லை. தோளிலும் இடுப்பிலும் மஞ்சள் கட்டம் விழுந்ததாம். தோளில் முந்தானைக்குக் குத்தியிருந்த ஊக்கு, இடுப்பில் கொசுவம். போனில் முதல் பேச்சே இதுதான்: 'லட்ச லட்சமா கொட்டி வச்ச முட்டியைக் கண்டுபிடிக்கல, ரெண்டு ரூபா ஊக்கைக் கண்டுபிடிச்சிட்டாடா!'

திரும்புவது சித்திரையில். கொலம்பஸில் விமான ஏறுவாசல்வரை அக்கா கூடவே போக விமான நிறுவனத்தின் கவுண்டரில் துணைச் சீட்டு தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எத்தனை மணி நேரம் முன்னால் போய்க் கேட்க வேண்டும்?