தரம் 2: பையனுக்கு விளங்கவில்லையா, எனக்குக் கேட்கத் தெரியவில்லையா?

கல்லடி டீச்சர் (கேள்வி):

எனக்குச் சொந்த ஊர் மட்டக்களப்பு. மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 2 எடுக்கிறேன். வந்து எட்டு மாதம் ஆகிறது. வகுப்பில் 27 பிள்ளைகள். அவர்களில் ஏழு வயதுப் பையன் ஒருவன் வாயே திறக்கமாட்டான். பனைமரப் படத்தைக் காட்டினால் "கித்துள்" என்கிறான். பனைக் குடும்பத்து மலைநாட்டு மரம் அது, அவன் கண்டதும் அதுதான், ஆனால் என் பதிவேட்டில் கித்துளுக்கு இடமில்லை.

போன வாரம் ஒரே மாதிரியான இரண்டு குவளைகளில் சம அளவு தண்ணீர் ஊற்றி, சமமா என்று கேட்டேன். தலையாட்டினான். ஒன்றை அவன் கண்முன்னாலேயே ஒடுக்கமான போத்தலுக்கு மாற்றிவிட்டு, இப்போதும் சமமா என்று மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு போத்தலைத் தொட்டு, "இதிலேதான் கூட" என்றான்.

இன்னொரு சிறுமிக்குத் தகப்பன் சிங்களவர். விரல்விட்டு எண்ணும்போது மட்டும் "எக்க, தெக்க, துன" என்று முணுமுணுப்பாள். விடையைத் தமிழில் சரியாகச் சொல்வாள். நான் திருத்தப் போனேன். இப்போது எண்ணுவதையே நிறுத்திவிட்டாள். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். பையனுடையது வயதா, வளர்ந்த சூழலா, நான் கேட்ட விதமா?

பழைய வாத்தியார், தலவாக்கலை:

டீச்சர், அந்தத் தண்ணீர்ச் சோதனை பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயுடையது. பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயதை ஒட்டித்தான் பிடிபடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கு ஆறில் வரும், ஒரு பிள்ளைக்கு எட்டில் வரும். பதறவேண்டாம்.

எனக்கு உறுத்துவது நீங்கள் இரண்டு தரம் கேட்டதுதான். 1974இல் ரோஸ், பிளாங்க் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், தண்ணீருக்குப் பதில் வரிசையாக வைத்த பொருள்களின் எண்ணிக்கையைக் கேட்டார்கள். வரிசையை மாற்றுவதற்கு முன்பு கேட்கும் கேள்வியை விட்டுவிட்டு, பின்பு ஒரே தரம் கேட்டால் பிள்ளைகள் கூடுதலாகச் சரியாகச் சொல்வதைக் கண்டார்கள். அங்கேயே அப்படி என்றால், பெரியவர் மறுபடி கேட்டாலே தான் சொன்னது பிழை என்று எடுத்துக்கொள்ளும், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளரும் நம் பிள்ளையை யோசித்துப் பாருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தான் என்றீர்களே, விடையை அங்கேதான் தேடியிருப்பான்.

பொருளையும் மாற்றிப் பாருங்கள். மெக்சிகோவில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள், களிமண்ணின் உருவம் மாறினாலும் அளவு மாறாது என்பதை மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகச் சொன்னதாக 1969இல் ஓர் ஆய்வு வந்தது. நம் பிள்ளை தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசடியில் வளர்ந்தவன். கொழுந்தை வைத்துக் கேளுங்கள்.

பீலிக்கரை:

சேர் சொல்வது சரிதான், ஆனால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. நான் லயத்தில் பிறந்தவள், இப்போது வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளை மடுவத்தில் வேலை. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, வீட்டுக் கிணற்றை வரைந்து வரச் சொன்னார்கள். எங்களுக்கு ஏது கிணறு? நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியை, மலைத் தண்ணீர் விழும் குழாயை, வரைந்துகொண்டு போனேன். குறுக்கே ஒரு கோடு, வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அந்தக் கொப்பியை அம்மாவிடம் காட்டவே இல்லை.

அதற்காக என் மகளுக்கு எல்லாப் பாடத்திலும் கொழுந்து, கூடை, தராசு என்று கொடுத்தால் சம்மதிப்பேனா? போன வருடம் ஒரு மிஸ் அப்படித்தான் செய்தார். "நாங்க வேற ஒண்ணுமே படிக்க மாட்டோமா?" என்று பிள்ளை கேட்டாள். அவளுக்குப் பனையும் வேண்டும், கடலும் வேண்டும். கித்துளில் தொடங்குங்கள் டீச்சர், அங்கேயே நின்றுவிடாதீர்கள். அந்தச் சின்னவள் எந்த மொழியிலாவது எண்ணட்டும், விடுங்கள்.

கல்லடி டீச்சர்:

நேற்றுச் செய்து பார்த்தேன். ஒரு பை கொழுந்தை நிறுத்துக் காட்டி, இன்னொரு பைக்குள் அமுக்கித் திணித்து, ஒரே ஒரு தரம் கேட்டேன். "அமுக்கினா எடை கூடாது டீச்சர். ஈரமா இருந்தாத்தான் கழிப்பாங்க" என்றான். எட்டு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

சூட்டோடு சூடாகத் தண்ணீரையும் வைத்தேன், அதையும் ஒரே தரம்தான் கேட்டேன். மறுபடியும் போத்தலைத்தான் தொட்டான். பதிவேட்டில் இரண்டையும் எழுதியிருக்கிறேன். கித்துளையும் ஓரத்தில் எழுதிவிட்டேன்.

பீலிக்கரை அக்கா, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன். வரும்போது பனை ஓலையும் ஒரு போத்தல் கடல் தண்ணீரும் கொண்டுவருவேன். கடல் தண்ணீர் பஸ்ஸில் ஒழுகாமல் வர எந்தப் போத்தல் நல்லது?