தமிழ்ப் பேராசிரியர் ஆக ஆசை: ஆராய்ச்சியா, வகுப்பறையா?

குறிஞ்சிநிலா:
எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பாடம் நடத்த வேண்டும் என்று பள்ளி நாளிலிருந்தே ஆசை. வீட்டில் பி.எட். முடித்துப் பள்ளி வேலைக்குப் போ என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர், பெயர் நிற்க வேண்டுமென்றால் கட்டுரை எழுது, புத்தகம் போடு, பாடம் எடுப்பதில் நேரத்தை விடாதே என்கிறார். எனக்கோ வகுப்பில் நின்று ஒரு பாட்டைப் பிரித்துச் சொல்வதுதான் பிடித்திருக்கிறது. கற்பிப்பதையே முதன்மையாக வைத்துக்கொண்டு நல்ல ஆய்வாளராகவும் இருக்க முடியுமா? அப்படி இருந்தவர்கள் யார்? நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு), பிஎச்.டி. நிலவரமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:
மு.வ.வை, அதாவது தமிழறிஞர் மு. வரதராசனைப் பாருங்கள் தங்கச்சி. திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், தானாகவே படித்து 1935-ல் வித்துவான் என்ற தமிழ்ப் புலமைத் தேர்வில் முதலிடம் வாங்கினார், பள்ளி ஆசிரியரானார், 1939-ல் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். அங்கே பாடம் நடத்திக்கொண்டேதான் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்து 1948-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்புறம் 1961 முதல் பத்தாண்டுகள் அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவர், 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1974-ல் மறைவு. நாவல்களை விடுங்கள், மொழிநூல், மொழி வரலாறு, சாகித்திய அகாதெமிக்காக எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு, இதெல்லாம் மாணவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லக்கூடிய தமிழில் இருக்கிறது. திருக்குறள் தெளிவுரையும் அப்படித்தான். எதிரே மாணவன் உட்கார்ந்து கேட்கிறான் என்ற நினைப்பு இல்லாமல் அந்த உரைநடை வராது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆம்பல்:
நான் கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரமில்லாத ஆசிரியர், அதனால் கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் எங்களுக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான். நிரந்தர உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700. இந்த இடைவெளியில் எத்தனை வருடம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, வீட்டில் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆகவே முதலில் ஜேஆர்எஃப் (நெட் தேர்வில் உயர்ந்த இடம் பிடிப்பவர்களுக்கான ஆய்வு உதவித்தொகை) வாங்கப் பாருங்கள், முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 வரும், வீட்டில் கை நீட்டாமல் பிஎச்.டி. செய்யலாம்.

ஆனால் அந்தப் பேராசிரியர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிற துறை மாணவர்களும் படிக்கும் பகுதி ஒன்று தமிழ், பி.காம். மாணவர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளை, பாதிப் பேர் கண் சொக்கிக் கிடக்கிறார்கள். குறுந்தொகையில் கபிலரின் "யாரும் இல்லைத் தானே கள்வன்" பாட்டு நடத்துகிறேன். தலைவன் தன்னோடு கூடிய நாளில் தினைத்தாள் போன்ற காலுடைய குருகு ஒன்று மட்டும் அங்கே இருந்தது என்கிறாள் தலைவி. கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "மேடம், அந்தக் குருகு ஆரல் மீனைத்தானே பார்த்துக்கிட்டு இருந்துச்சு, இவங்களைப் பார்க்கலையே, அப்புறம் அது எப்படி சாட்சி ஆகும்?" என்று கேட்டான். உரைகளைப் புரட்டி, பறவையையும் விலங்கையும் சாட்சிபோல் நிற்கவைக்கும் மற்ற அகப்பாட்டுகளையெல்லாம் தேடி எடுத்து, என் ஆய்வேட்டின் ஓர் இயலே அந்தக் கேள்வியிலிருந்துதான் எழுந்தது. நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

வல்லைவெளி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இலங்கைத் தமிழ்த் திறனாய்வாளர் கைலாசபதியைத்தான் சொல்வோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, இலங்கையின் தினகரன் நாளிதழ் ஆசிரியராக இருந்துவிட்டு விரிவுரையாளராகப் போனவர். இங்கிலாந்தில் பர்மிங்காமில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார், சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்ட அந்த ஆய்வு 1968-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. பிறகு 1974-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். 1982-ல், ஐம்பது வயது ஆவதற்குள் போய்விட்டார். வெளிநாட்டில் அப்படியொரு புத்தகம் போட்டவர் திரும்பி வந்து இங்கே பிள்ளைகளுக்குப் படிப்பித்தார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

குறிஞ்சிநிலா:
எல்லோருக்கும் நன்றி. ஆம்பல் அக்கா, உதவிப் பேராசிரியர் ஆக இப்போது பிஎச்.டி. கட்டாயமா?

ஆம்பல்:
2023 ஜூலையிலிருந்து யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி கட்டாயமில்லை, நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் தேறினால் போதும். இணைப் பேராசிரியர் பதவிக்குப் பிஎச்.டி. வேண்டும், எனவே எப்படியும் செய்தாக வேண்டும். எம்.ஏ. கடைசி ஆண்டிலேயே நெட் எழுதலாம், எல்லோருக்கும் பொதுவான முதல் தாள் 50 கேள்வி, பாடத்துக்கான இரண்டாம் தாள் 100, தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஒரு கேள்வியையும் விடாதீர்கள். தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் தாளில்தான், அதில் இருக்கும் கணக்குக்கும் தரவு விளக்கத்துக்கும் இன்றே உட்காருங்கள்.