புதுப்பிப்பு: பகலெல்லாம் உறங்கிய ஹாம்ஸ்டர்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த சிரிய ஹாம்ஸ்டர் (எலியைப் போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) பகல் முழுவதும் அசையாமல் கிடக்கிறதே, நோயாக இருக்குமோ என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். நோயில்லை. அது இரவில் உலவும் பிராணி என்பதை அறியாமல் பிள்ளைகள் பிற்பகலிலேயே தட்டியெழுப்பிக்கொண்டிருந்ததுதான் தொல்லை.

ஆனால் வெப்பத்தைப் பற்றிச் சிலர் எச்சரித்தது மிகச் சரி. ஏறத்தாழ 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையே அதற்கு உகந்தது என்னும்போது, கடற்காற்று வந்து சேரும்வரை கொதித்துக்கொண்டிருக்கும் மாடியறையில் கூண்டை வைத்தது என் தவறு. இப்போது கீழ்த்தளத்தில் வெயில் படாத கூடத்து மூலைக்கு மாற்றி, படுத்துக் குளிர்ந்துகொள்ள பீங்கான் ஓடு ஒன்றையும் வைத்திருக்கிறேன்.

அது ஓடி விளையாடக் கூண்டோடு வந்த கம்பிச் சக்கரத்தில் கால் சிக்கக்கூடும் என்பதால், 20 சென்டிமீட்டருக்கும் அதிக விட்டமுள்ள, இடைவெளியற்ற சக்கரம் வாங்கினேன். காகிதத் துகளை ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பியதும், அது சுரங்கம் தோண்டி, கன்னப்பைகளில் அடைத்துக் கொண்டுபோன கம்பு மணிகளையெல்லாம் அங்கே குவித்துவிட்டது. (இந்த வீட்டில் குதிர் கட்டத் தெரிந்தது இது ஒன்றுதான் என்கிறார் என் மாமியார்.)

துணைக்கு இன்னொன்று வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டர்கள் தனித்து வாழ்பவை. ஒரே கூண்டில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும்.

நேற்றிரவு பத்து மணிக்கு மேல், முதன்முறையாகத் தானே என் உள்ளங்கையில் ஏறி, ஒரு சூரியகாந்தி விதையை எடுத்துச் சென்றது.