விரோதி வருடம் தை மாதம்: மேற்கோள் பட்டியலில் எப்படிக் குறிப்பது?

நண்பர்களுக்கு வணக்கம். நான் கல்லூரி நூலகர். பழைய தமிழ் அச்சு நூல்களின் முகப்புப் பக்கங்களைப் பற்றிக் கட்டுரை எழுதி, நூலக அறிவியல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். மதிப்பீட்டாளர் கைக்குப் போகும் முன்பே திரும்பி வந்துவிட்டது. மேற்கோள்கள் ஏபிஏ (அமெரிக்க உளவியல் கழகத்தின் மேற்கோள் கையேடு) 7-ஆம் பதிப்பு முறைப்படி இல்லையாம்.

உள்ளதைச் சொன்னால், பாதித் தவறு என்னுடையது. மேற்கோள் பட்டியலை ஆக்கித் தரும் மென்பொருள், நூலாசிரியர் பெயர்களைத் தன் விருப்பத்துக்குத் திருப்பிப் போட்டதை நான் கவனிக்கவில்லை. நமக்கு ஏது குடும்பப்பெயர்? எஸ்.ஆர். ரங்கநாதன் போன்ற பெயர் என்றால் சிக்கலில்லை. ஊரும் தந்தை பெயரும் முன்னெழுத்தாகிப் பின்னால் போய்விடும். ஆனால் 'பிள்ளை', 'ஐயர்' என்று தனிச்சொல்லாக முடியும் பெயர்களை எதன்கீழ் அடுக்குவது? 'பிள்ளை' என்றே அடுக்கினால் பட்டியலில் பாதிப் பேர் ஒரே குடும்பமாகிவிடுகிறார்கள்!

பெரிய தலைவலி ஆண்டுதான். ஒரு நூலில் 'விரோதி வருடம் தை மாதம்' என்று மட்டுமே இருக்கிறது. விரோதி 1889-லும் தொடங்கியது, 1949-லும் தொடங்கியது. தாளையும் அச்செழுத்தையும் பார்த்தால் முந்தையதுதான். தை என்பதால் 1890 ஆகிறது. இப்படி ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் போதுமா, தமிழ் ஆண்டையும் சேர்த்துத் தர வேண்டுமா?

தலைப்புகளைத் தமிழ் லெக்சிகன் (சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி) முறையில் ரோமன் எழுத்தாக்கியிருக்கிறேன். பிடிஎஃப் ஆக்கியதும் ழகரத்தின் கீழ்க்கோடு காணாமல் போகிறது. அது வேறு கதை.

இத்தகைய பட்டியலோடு கட்டுரை ஏற்கப்பட்டவர்கள் இருந்தால், மாதிரிக்கு இரண்டு வரிகள் பகிர முடியுமா? திருத்தி அனுப்பப் பத்து நாள்தான் அவகாசம்.