நிலவிலும் கரண்ட் அனுப்பிய எங்கள் கூரை

ஆரையம்பதி:
சோலாரும் 51.2 வோல்ட் பற்றரியும் பூட்டிய கையோடு, வருவதையும் போவதையும் பார்க்க வைபை மீற்றர் ஒன்று வாங்கினேன். மெயின் வயரைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் ஒன்று, போனில் ஒரு ஆப். பற்றரியைக் கரண்ட் போகிற நேரத்துக்கென்று ஒதுக்கியிருந்தோம், ஆகவே இரவில் வீடு மின்சார சபைக் கரண்டில்தான் ஓடும்.

முதல் நாள் இரவு பத்து மணிக்கு ஆப்பைத் திறந்தால், சபைக்கு நான் 380 வாட் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்! "கல்லடிப் பாலத்தடியில நிலவுக்கு மீன் பாடும், உங்கட கூரை நிலவுக்கு கரண்ட் அனுப்புதாக்கும்" என்று மச்சான் சிரித்தார். மறுநாள் வயரிங் செய்கிற தம்பி மெயினை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தான். கிளாம்பின் விளிம்பில் நகமளவு ஒரு அம்புக்குறி. வீட்டைப் பார்க்க வேண்டிய அது றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றித் திருப்பிப் பூட்டினான், ஏற்றுமதி நின்றது.

அப்புறம்தான் உண்மையான விஷயம் தெரிந்தது. பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தியும் 55 வாட் இறங்கவே இல்லை. பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனோம். கடைசியில் பிடிபட்டது இன்வேர்ட்டர்! சும்மா நிற்பதற்கே நாளுக்கு 1.3 யூனிட், மாதத்துக்கு 40 யூனிட் கிட்ட. விற்றவர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. வாங்கப் போகிறவர்கள் 'சும்மா நிற்கும்போது எத்தனை வாட்?' என்று முதலிலேயே கேளுங்கள்.

கல்முனை:
நான் செய்த கூத்து வேறு. அதே மாதிரி கிளாம்ப் ஒன்றைப் பற்றரி வயரில் மாட்டிவிட்டு, ஒரு கிழமையாகப் பூச்சியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிளாம்ப் ஏசி கரண்டை மட்டும்தான் உணரும், பற்றரியில் ஓடுவது டிசி. இப்போது நெகட்டிவ் வயரில் ஷண்ட் போட்டிருக்கிறேன். பித்தளைக் கட்டை மாதிரி இருக்கும், அதனூடாகப் போகிற ஆம்பியரை எண்ணிக் கூட்டிக் கழித்துச் சதவீதம் சொல்லும். வோல்டேஜைப் பார்த்துக் கணக்குப் போடலாம் என்று நினைக்காதீர்கள். லித்தியம் பொஸ்பேற் பற்றரியில் முக்கால்வாசியிலும் பாதியிலும் வோல்டேஜ் ஏறத்தாழ ஒன்றுதான். ஷண்டும் நாட்போக்கில் கொஞ்சம் பிசகும். பற்றரி முழுதாக நிரம்புகிற நாளில்தான் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். மாரியில் நாலைந்து நாள் வெயிலே இல்லாவிட்டால், அது சொல்கிற சதவீதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஒரு கேள்வி: கிளாம்பை லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வவிட்டாலும் பூச்சியம்தானே வரும்?

ஆரையம்பதி:
ஓம் அண்ணன், போகிறதும் வருகிறதும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு வயரை மட்டும் கவ்வ வேண்டும்.

வாழைச்சேனை:
எனக்கு அளவெல்லாம் சரி. ஆனால் கரண்ட் போகிற நேரமெல்லாம் ஆப்பில் கோடு அறுந்து கிடக்கும். எனக்கு வேண்டியதே அந்த நேரத்துக் கணக்கு! மீற்றரைக் கழற்றி, திருப்பி, இரண்டு நாள் மினக்கெட்டேன். பிறகு மகள்தான் கேட்டாள்: "வாப்பா, றூட்டர் பற்றரி லைன்லயா இருக்கு?"