புதுப்பிப்பு: பர்கூர் மலையில் கறுத்துப்போன குப்பி

போன மாதம் பர்கூர் மலையில் ஒரு சோளகர் பழங்குடி ஊரின் குடிதண்ணீரைச் சோதித்தபோது குப்பி கறுத்துப்போச்சு என்று எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. தண்ணீரில் இரும்புச் சத்து இருப்பதால் கறுத்ததா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, அது ஹைட்ரஜன் சல்பைடு குப்பி, அதாவது தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் குப்பி, கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கலாம் என்று அர்த்தம். ஆய்வகமும் ஈ.கோலை என்ற மலக்கிருமி இருக்கிறது என்றே சொன்னது. குடிநீர்த் தரநிலைப்படி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தண்ணீர் வரும் ஊற்றில் குறை இல்லை, அதைத் தேக்கும் தொட்டியில்தான். மூடி உடைந்து, உள்ளே ஆட்டுப் புழுக்கை மிதந்தது! கழுவி, புது மூடி போட்டு, கிருமியைக் கொல்லும் குளோரினுக்காக ப்ளீச்சிங் பவுடர் கலந்தோம். குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்ச வேண்டும்; முதல் நாள் மிஞ்சியது, நாலாம் நாள் குளோரின் துளியும் இல்லை. அப்புறம், மருந்து வாடை அடிக்கிறதென்று ஒரு பாட்டி மறுபடி ஓடைத் தண்ணீருக்கே போய்விட்டார், அவரை எப்படிக் குறை சொல்வது? ஞாயிறு திரும்பப் போகிறோம், இந்த முறை ஓடைக்கும் சேர்த்து ஆறு குப்பி.